என் கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். சீமைக்கு மூட்டை கட்டிய துரை ஒருவரிடம், சாவி கொடுத்து ஓட்டும் படக் கேமரா ஒன்றை வாங்கினேன். கடைக் கணக்கர் வேலையையும் விட்டேன். அன்றிலிருந்து மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பேட்டையில் எனக்குப் பெயர் கிறுக்கன். சொல்லிவிட்டுப் போகட்டும்! தமிழ்ப் படம் என்றால் மெட்ராஸிலிருந்து கப்பலில்தான் வரவேண்டுமா? நம் கதையை நாமே எடுத்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?

கதை அப்போது வீட்டுக்கு வீடு நடந்த சண்டைதான். இந்தியாவுக்கே திரும்பிவிடலாம் என்கிறான் கணவன். வரமாட்டேன் என்கிறாள் மனைவி. கணவனாக நடிக்க என் மச்சான் ஒப்புக்கொண்டான். மனைவிக்குத்தான் ஆள் இல்லை. கேட்டுப் போன வீடுகளில் துடைப்பத்தைத் தூக்காத குறை. என் மனைவியைக் கேட்டேன்.

“நான் மூஞ்சியக் காட்ட மாட்டேங்க. படம் ஓடுறப்ப திரைக்குப் பின்னால நின்னு வேணா பேசுறேன். ஆனா ஒண்ணு, சனங்க பாதியில எழுந்து போயிட்டா அந்தப் பொட்டிய வித்துப்புட்டு வேலைக்குப் போகணும். சரியா?”

“சரி” என்றேன். வீராப்புக்கு என்ன குறைச்சல்!

கடைசியில் அடுத்த தெருவில் பலகாரம் விற்ற செட்டி அக்கா முன்வந்தார். மலாக்கா செட்டிகள் கும்பிடுவது எங்கள் சாமியைத்தான். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அக்காவுக்குத் தமிழில் நாலு வார்த்தை தேறாது. அதனால் என்ன? கேமராவுக்குத்தான் காது கிடையாதே. “உங்களுக்கு வந்த பேச்சிலேயே பேசுங்க அக்கா” என்று மலாயில் சொன்னேன். “போலே”, முடியும் என்று சிரித்தார். முடியும் என்றால் முடித்துக் காட்டுகிறவர் அவர்.

தெங்கேரா கடற்கரையில் கடைசிக் காட்சி. சாவி கொடுத்தால் அரை நிமிஷம்தான் ஓடும். அதற்குள் அக்கா அழுது, திட்டி, திரும்பி நடந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் மறுபடி சாவி கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட மண்டபத்தின் ஜன்னல்களைச் சாக்கால் மறைத்து, இரவல் புரொஜெக்டரில் படத்தை ஓட்டினோம். மண்டபம் நிறைந்திருந்தது. திரைக்குப் பின்னால் என் மனைவி மைக்கைப் பிடித்துத் தமிழில் பேசினாள். அக்காவின் உதடு ஒரு பக்கம் போனது, குரல் ஒரு பக்கம் போனது. கேமராவுக்குக் காது இல்லையென்று கணக்குப் போட்ட முட்டாள், ஜனங்களுக்குக் கண் இருப்பதை மறந்திருந்தேன்.

“என்னா லா இது, வாய் ஒண்ணு பேசுது, சத்தம் வேற பேசுது!” என்று கத்தினார் ஒரு பெரியவர். மண்டபமே சிரித்தது. என் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். பின்வரிசையில் நாலு பேர் எழுந்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு! ஆனாலும் புரொஜெக்டரை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நானே தோற்றதாகிவிடும்.

முன்வரிசையிலிருந்து செட்டி அக்கா எழுந்தார். விறுவிறுவென்று திரைக்குப் பின்னால் போனார். மைக்கில் அவர் குரல் வந்தது.

“சயா தா மாவ் பெகி! சினி ரூமா சயா!”

நான் வரமாட்டேன், இதுதான் என் வீடு. மொழிபெயர்ப்பு யாருக்கு வேண்டும்? பாசாரில் மீன் வாங்குகிற அத்தனை பேருக்கும் புரிகிற மலாய். திரையில் அக்கா அழுதார், மைக்கிலும் அழுதார். எழுந்தவர்கள் நின்றபடியே பார்த்தார்கள். திரையில் என் மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

“டேய்! அவள விட்டுட்டு எங்கடா போற? திரும்பிப் பாருடா பாவி!”

அதே பெரியவர்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்துத் திட்டினார். நின்றிருந்த நாலு பேரும் உட்கார்ந்தார்கள். நான் இருட்டில் புரொஜெக்டரைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் தேம்பித் தேம்பி அழுதேன். பாதியில் ஒருவரும் எழுந்து போகவில்லை; கேமரா இனி என்னுடையது.