ஏற்றத்தில் மட்டும் திணறும் வண்டி

இது நடந்தது. மைசூரில், போன வருஷம், நல்ல பகல் வெளிச்சத்தில். இருட்டினால்தான் அதெல்லாம் வரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், கிங்ஸ்லியின் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு நடை போய் அவன் முகத்தைப் பாருங்கள். வாயைக் கிளறாதீர்கள். கிளறினால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

கிங்ஸ்லி இருபது வருஷமாகப் பெட்ரோல் எஞ்சினோடு மல்லுக்கட்டிய ஆள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்தப் பிளக் அடிக்கவில்லை என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவனை ஒரு பழைய சின்ன லாரி தலையில் கை வைக்க வைத்துவிட்டது.

லாரி அவன் மனைவி ஜூலியின் அண்ணன் உதயகுமாருடையது. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டி. எங்கிருந்தோ புதுசாகப் பெயின்ட் அடித்து வாங்கி வந்திருந்தான். காலியாக ஓட்டினால் வெண்ணெயாக ஓடும். பாரம் ஏற்றி மேட்டில் விட்டால் போச்சு. மூச்சு முட்டிய ஆள்போலத் திணறும்.

சனிக்கிழமை விடிகாலை அந்த வண்டியில்தான் மார்டள்ளி மாதா கோயில் திருவிழாவுக்கு மாதா சொரூபம் போகிறது. அந்தச் சிலையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டே போவது அவர்கள் பங்குக் கோயிலின் வழக்கம். மொத்தம் பதினான்கு பேர். அதில் ஜூலி ஒருத்தி. அவள் மடியில் ஏழு வயது மகள் ஜோவிதா. வழியில் அனூர் தாண்டினால் மேடும் வளைவுமான ரோடு. நடு ஏற்றத்தில் எஞ்சின் நின்று, வண்டி பின்னால் உருண்டால்... அதற்கு மேல் கிங்ஸ்லியால் யோசிக்க முடியவில்லை.

"மச்சான், வேற வண்டி பாருங்க" என்றான்.

"ஃபாதர்கிட்ட சொல்லியாச்சு மாப்ள. நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம்" என்று உதயகுமார் சிரித்தான்.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். ஜெட்டை ஊதினான். பெட்ரோல் பம்ப், ஃபில்டர், பாயின்ட், காயில், எல்லாம் புதுசு போட்டான். டைமிங் பார்த்தான். பிறகு ஆளுக்கு ஐம்பது கிலோ என்று கணக்குப் போட்டு, பதினான்கு மணல் மூட்டைகளை ஏற்றிக் கயிற்றால் கட்டினான். சாமுண்டி மலைக்குப் பின்பக்கம், உத்தனஹள்ளியிலிருந்து ஏறும் ரோட்டுக்கு ஓட்டிப் போனான்.

வியாழக்கிழமை. மணி 4.20. மூன்றாவது வளைவு.

திணறியது.

சோக்கைப் பாதி இழுத்துப் பார்த்தான். பெட்ரோல் பற்றாமல் திணறினால் சோக் இழுத்ததும் கொஞ்சம் தேறும். தேறவில்லை. சரியாக நான்கு விநாடி. அப்புறம் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

தொப்... தொப்... தொப்...

உடனே எஞ்சின் விடுபட்டது. எழுநூறு கிலோ மணலோடு வண்டி காலி வண்டி மாதிரி மேலே பறந்தது.

மூட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தினான். கயிறு தளரவில்லை. பதினான்கு மூட்டைகளும் வைத்த இடத்தில் இருந்தன. பின்கதவில் படிந்திருந்த புழுதியில் மட்டும் கை வைத்த தடங்கள். சின்னச் சின்ன உள்ளங்கைகள், வரிசையாக. லோடு ஏற்றிய ஆட்களின் கையாக இருக்கும் என்று துடைத்துவிட்டான். லோடு ஏற்றியது அவன் மட்டும்தான் என்பது வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை. கடைசி நாள். ஜூலிக்கு ஆஸ்பத்திரியில் பகல் டூட்டி, ஏழு மணிக்குத்தான் வருவாள். ஸ்கூல் விட்ட ஜோவிதாவைத் தனியே விட முடியாது. சீருடையோடு அவளைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டான்.

பெட்ரோல் லைன்மேல் இருந்த சந்தேகத்தை அன்றைக்கு அறுத்துவிடுவது என்று இருந்தான். டேங்க், பம்ப் இரண்டையும் விட்டுவிட்டு, பழைய சலைன் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, கேபினுக்குள் உயரமாகத் தொங்கவிட்டு, அங்கிருந்து கார்புரேட்டருக்கு ட்யூப் போட்டான். இப்போதும் திணறினால் கோளாறு பெட்ரோலில் இல்லை.

கேபினுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். "பாப்பா, அது வழியா மூட்டைங்கள பாத்துக்கிட்டே வா. ஏதாவது ஆடிச்சின்னா சொல்லு" என்றான்.

ஜோவிதா சீட்டில் முட்டி போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

மணி 4.50. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. சுகமாக ஏறியது. கிங்ஸ்லி மாதாவுக்கு நன்றி சொல்லத் தொடங்கியிருந்தான்.

மூன்றாவது வளைவு. 4.57.

திணறியது. பாட்டிலில் பெட்ரோல் இருந்தது. ட்யூபில் ஓடிக்கொண்டும் இருந்தது. அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வேறு எதைக் கழற்றுவது, எதைப் பார்ப்பது? நாளைக்கு இதே சீட்டுக்குப் பின்னால்தானே அவர்கள் இருக்கப்போகிறார்கள்...

"மூட்ட ஆடுதா பாப்பா?"

"இல்லப்பா. அக்காங்க இறங்கறாங்க."

"எந்த அக்காங்க?"

தொப்... தொப்... தொப்...

"மூட்ட மேல உக்காந்திருந்தாங்கல்ல. அவங்க."

சத்தம் நின்றது. நேற்றைப்போல எஞ்சின் விடுபடும் என்று காத்திருந்தான்.

விடுபடவில்லை.

ஒரு குலுங்கல். எஞ்சின் நின்றுவிட்டது.

வண்டி பின்னால் நகர்ந்தது. பிரேக்கை மிதித்தான். நின்றது.

"அப்பா, என்னையும் கூப்பிடறாங்க. தள்ளணுமாம்."

"உக்காரு. அசையாத."

சாவியைத் திருப்ப ஒரு கணம் குனிந்தான். அவ்வளவுதான்.

டக்.

கதவு திறந்திருந்தது. சீட் காலி.

"ஜோவி..."



அவள் பின்னால் இருக்கிறாள். வண்டிக்குப் பின்னால். இறக்கத்தில்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அது பேருக்குத்தான் இருந்தது. முதல் கியரில் போட்டான். காலைத் துளி தளர்த்தினான். வண்டி கியரோடு சேர்ந்து பின்னால் நழுவியது. மறுபடி மிதித்தான்.

இறங்க முடியாது. இறங்கினால் வண்டி அவள்மேல் போகும். இறங்காமல் அவளைப் பார்க்கவும் முடியாது. பின் ஜன்னலில் மூட்டைகள்தான் தெரிந்தன. பக்கக் கண்ணாடியில் வெறும் ரோடு. ஒரு வண்டியும் வரவில்லை. ஒரு மனுஷன் இல்லை.

"ஜோவி... ரோட்டு ஓரத்துக்குப் போயிடு கண்ணு... தள்ளாத..."

மணி 5.03. முட்டியிலிருந்து தொடைவரை நரம்பு இழுத்தது. கால் தானாக ஆடத் தொடங்கியது. மாதாவே, மாதாவே என்று அரற்றினான்.

5.06. பின்னாலிருந்து மெல்லிய குரல்.

"காலு தெகிபேடா அப்பா..."

காலை எடுக்காதே என்கிறாள். ஜோவிதா தெருவில் விளையாடுவதெல்லாம் கன்னடத்தில்தான். உயிரோடு இருக்கிறாள். அது போதும்.

"எடுக்க மாட்டேன் கண்ணு... எடுக்கவே மாட்டேன்..."

"தெகிபேடா..."

இரண்டு காலையும் பிரேக்கின் மேல் வைத்து நின்றான்.

அப்போது...

வண்டி நகர்ந்தது.

மேலே.

எஞ்சின் ஓடவில்லை. பிரேக் மிதிபட்டிருந்தது. சக்கரம் சுழலவில்லை. சர்ர்ர்... சர்ர்ர்... டயர்கள் ரோட்டில் தேய்ந்துகொண்டே...

மேலே.

வளைவு தாண்டி, சமதரையில் நின்றது. 5.11.

குதித்து ஓடினான். ஜோவிதா கீழே நடு ரோட்டில் நின்றிருந்தாள். சின்னக் கீறல்கூட இல்லை. இரண்டு உள்ளங்கையிலும் புழுதி. வாரி அணைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதான்.

"நல்ல வேள, காலை எடுக்க வேணாம்னு நீ கத்துன..."

"நான் கத்தலப்பா. எனக்குப் பேச்சே வரல. பக்கத்துல ஒரு பொண்ணு தள்ளிக்கிட்டிருந்தா. அவதான் அவங்கப்பாவக் கூப்பிட்டா."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். வரும்போது கார்புரேட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தான், யாரும் எடுத்து ஓட்டிவிடக் கூடாது என்று. ஜூலி முதலில் சண்டை போட்டாள். மகளுக்குக் காய்ச்சல் அடிப்பதைத் தொட்டுப் பார்த்தபின் ஈரத்துணி எடுக்கப் போனாள். மறுநாள் சொரூபம் ஒரு வேனில் போனது, பெண்கள் பஸ்ஸில் போனார்கள். ஜூலியும் குழந்தையும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

உதயகுமார் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவனாகவே, வண்டியைக் கட்டி விற்ற ஷெட்டுக்குப் போய் விசாரித்தான். ஒரு சாயங்காலம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"மாப்ள, எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல. அது வேற வண்டியோடது. பின்னாடி பாடி இருக்குல்ல, அது கொள்ளேகால் பக்கம் கூலிக்குப் பொம்பளைங்கள ஏத்திட்டுப் போன லாரியோடது. ஏத்தத்துல நின்னுபோச்சாம். எல்லாரும் இறங்கித் தள்ளியிருக்காங்க. பின்னால உருண்டு... எட்டுப் பேரு."

"டிரைவர்?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகல. பயத்துல பிரேக்லருந்து காலை எடுத்துட்டு வெளிய குதிச்சிட்டான்."

உதயகுமார் ஸ்டூலை விட்டு எழுந்தான்.

"எட்டுல ஒண்ணு அவன் பொண்ணு மாப்ள. ஏழு வயசு."