ஒரு பக்கம் மட்டும் கேட்ட மாரிகாலம்

கோப்பை கழுவுகிற சத்தம் அது. பைப்பிலிருந்து தண்ணீர் விழுகிறது, கரண்டி ஒன்று எங்கோ தட்டுப்படுகிறது, யாரோ மூக்கை உறிஞ்சுகிறார், பிறகு தண்ணீர் நிற்கிறது. சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு முன்னறையில், வெளியே மாரி மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருக்க, சுவிஸ் நாட்டில் ஒரு சின்ன வீட்டில் நாங்கள் நேரில் கண்டிராத ஒரு மனிதர் தான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதை, நானும் அக்காவும் ஒரே ஹெட்செற்றை ஆளுக்கொரு காதாகப் பங்குபோட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மனிதருக்குத் தெரியாது.

அவர் பெயர் ரமணன். அக்காவுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை. கல்யாணப் பேச்சை எங்கள் பக்கம் "பேச்சுக்கால்" என்பார்கள். அந்தப் பேச்சுக்காலில் சாதகம் பார்த்து, படம் மாற்றி, எல்லாம் ஒத்துவந்த பிறகு, கோயில் திருவிழாவுக்காக ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் சூட்கேசில் சொக்கிலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே, துவாயில் சுற்றி, ஒரு கேம் பெட்டி எனக்கென்று வந்து சேர்ந்தது. அக்காவுக்கு ஒரு சீலை வந்தது, அம்மாவுக்குக் கம்பளிப் போர்வை வந்தது. எங்கள் ஊர் வெயிலில் அதை யார் போர்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதேமாதிரிப் பெட்டி அவரிடமும் இருந்தது. உணவகம் ஒன்றின் குசினியில் அவருக்கு வேலை. மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் அவருக்குக் கிடைக்கிற ஓய்வு நேரம், எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் இருவரும் இன்ரநெற் வழியாக ஒரே பந்தயத்தில் கார் ஓட்டலாம், ஓட்டிக்கொண்டே கதைக்கலாம். மச்சானை முதலில் பிடித்தால் பெண்ணைப் பிடித்த மாதிரி என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

பெண்ணைப் பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அக்கா யாழ்ப்பாண நகரத்தில் நெற்வேர்க் வேலை படித்து முடித்திருந்தாள். வீடுகளுக்கு இன்ரநெற் இணைப்புக் கொடுக்கிற ஒரு கம்பனியில் தை மாதத்திலிருந்து வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கென்று இரண்டு சட்டைகூடத் தைப்பித்து வைத்திருந்தாள். மாப்பிள்ளையோடு தொலைபேசியில் கதைத்தது கொஞ்சம்தான். சுகமோ, ஓம், சாப்பிட்டீங்களோ, ஓம், அங்கை மழையோ, ஓம். அந்த ஓம்களை எல்லாம் சேர்த்து வீட்டிலுள்ளவர்கள் ஒரு பெரிய ஓமாக எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தால் வந்து காலைக் கழுவிக்கொண்டே அவர் அக்காவிடம் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "பிள்ளை, நான் உன்னைக் கட்டாயப்படுத்தேல்லை. பெடியனிலை ஒரு குறை சொல்லு, இண்டைக்கே நிப்பாட்டுறன். ஒரு குறையும் சொல்லாமல் வேண்டாம் எண்டால், நான் எந்த முகத்தோடை அவையிட்டைப் போய்ச் சொல்லுறது?" தை பிறப்பதற்கு முன் முடிவு சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததுதான் அதிலுள்ள தொல்லை. கத்தியிருந்தால் அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள்.

மாரி தொடங்கிய கையோடு இடி விழுந்து, வீட்டுக்கு இன்ரநெற் தருகிற எங்கள் "றவுட்டர்" செத்துப்போனது. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார்கள். கார் பந்தயம் வழமைபோல ஓடியது. ஆனால் கதைப்பதில் ஏதோ பிழை. அவர் "தம்பி, கேக்குதோ? தம்பி?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார், நான் தொண்டை கிழிய "ஓம், ஓம்" என்று கத்திக்கொண்டேயிருந்தேன். அவர் சொல்வது எனக்குக் கேட்டது. நான் சொன்னது அவருக்குப் போகவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பப் போட்டால் எந்த மெசினும் புத்திக்கு வரும் என்பது அப்பாவின் வைத்தியம். அம்மாவுக்கு எல்லாமே பல்லியின் வேலை; பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி, ஈரத்துணியால் துடைக்கப் போனவரை நான் குறுக்கே விழுந்து மறித்தேன். நான் வயரைக் கழற்றி வாயால் ஊதி மாட்டினேன். பழுதான எல்லாவற்றுக்கும் நான் செய்வது அதுதான். யன்னல் கம்பிக்குள்ளால் நீள வயர் இழுத்து, பெட்டியையும் றவுட்டரையும் நேரடியாகத் தொடுத்தும் பார்த்தோம். ஒன்றும் சரிவரவில்லை.

அக்கா எல்லோரும் களைத்துப் போகும் வரை பொறுத்திருந்துவிட்டு வந்து பெட்டிக்கு முன்னால் இருந்தாள். பெட்டிக்குள்ளேயே இணைப்பைச் சோதித்துப் பார்க்கிற ஒரு பக்கம் இருந்தது, அதை ஓடவிட்டாள். எல்லாவற்றுக்கும் பச்சை விழுந்தது, கடைசி வரிக்கு மட்டும் மஞ்சள். "பெட்டியிலை பிழையில்லை," என்றாள். "புது றவுட்டர் வாசல்லை நிண்டு மறிக்குது. அங்கையிருந்து வாறதை விடுது, இஞ்சையிருந்து போற குரலை விடுகுதில்லை." தன் மடிக்கணினியில் றவுட்டரின் பக்கத்தைத் திறந்து, பெட்டிக்கென்று நிரந்தரமாக ஓர் இலக்கம் கொடுத்து, அதற்கு ஒரு வழியையும் திறந்துவிட்டு, திரும்பச் சோதித்தாள். முழுவதும் பச்சை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அதே நேரம் ஹெட்செற்றில் அவர் யாருடனோ தொலைபேசியில் கதைப்பது கேட்டது. அக்கா அதை வாங்கித் தன் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டாள். பிறகு மடிக்கணினியை இழுத்து, இப்போதுதான் திறந்த வழியைத் தானே மூடினாள். கடைசி வரி மஞ்சளுக்குத் திரும்பியது.

"ஏனக்கா?" என்றேன்.

"பொறு. கொஞ்ச நாளைக்கு இப்பிடியே கிடக்கட்டும்."

அவள் சொல்லச் சொல்ல நான் ஒரு பொய்யை அவருக்கு எழுதி அனுப்பினேன்: உங்கடை குரல் எங்களுக்குக் கேக்கேல்லை, றவுட்டர் பிழை, அக்கா பாக்கிறா. "பரவாயில்லை, விளையாடுவம்" என்று பதில் வந்தது. அவருடைய மைக் தலையில் மாட்டுகிற வகையல்ல, ரீவிக்குக் கீழே கிடக்கிற ஒன்று. பந்தயம் தொடங்கினால் தானாகவே வேலை செய்யும், அறை முழுவதையும் கேட்கும். அது கேட்பதையெல்லாம் நாங்களும் கேட்டோம்.

அதற்குப் பிறகு விளக்கு வைத்ததும் நான் கார் ஓட்டினேன், அக்கா பக்கத்தில் இருந்து கேட்டாள். குளிர்ப்பெட்டி திறந்து மூடுகிறது. இருமுகிறார். ஏதோ ஒரு பாட்டின் தொடக்கத்தை முணுமுணுத்து, மிச்சம் தெரியாமல் திரும்பத் தொடக்கத்துக்கே வருகிறார். நான் அவரை முந்தினால் "சிக்" என்கிறார், அவ்வளவுதான். ஒரு கெட்டவார்த்தை இல்லை. தாயோடு கதைக்கும்போது "ஓமம்மா, ஓமம்மா" என்கிறார். அரிசியில் கல்லுப் பார்க்கிறவளின் முகம்தான் அக்காவுக்கு அப்போது. வீட்டில் யாராவது "இன்னும் சரிவரேல்லையோ?" என்று கேட்டால், நிமிராமலே "இல்லை, பாத்துக்கொண்டிருக்கிறன்" என்பாள்.

மார்கழி முடியப் போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு ஒரு சிநேகிதர் வந்தார். கதவு திறந்தது, கதிரை இழுபட்டது, பிறகு போத்தில் ஒன்று திறக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அக்கா நிமிர்ந்து இருந்தாள். என் கையைப் பிடித்தாள். குடி ஒன்றே போதும்; அப்பா அன்றைக்கே பேச்சை முறித்திருப்பார்.

"உனக்கும் கொஞ்சம் ஊத்தவோ?" என்றது புதுக் குரல்.

"வேண்டாம் மச்சான். பின்னேரம் வேலை. எனக்குச் சோடா காணும். நான் உதுகள் பாவிக்கிறேல்லை எண்டு தெரியும்தானே."

அக்காவின் கை தளர்ந்தது. "நல்ல பழக்கம்தானே அக்கா" என்றேன் நான், அவளைச் சந்தோசப்படுத்துவதாக நினைத்து. "ஓம், நல்ல பழக்கம்" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தைக் கேட்டபோதுதான், அவள் இத்தனை நாளும் இந்த மனிதரை வேண்டாமென்று சொல்ல ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு விளங்கியது.

அங்கே கதை தொடர்ந்தது. சிநேகிதர் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். பொம்பிளையை உனக்குப் பிடிச்சிருக்கோ என்று கேட்டார். பந்தயத்தில் அவருடைய கார் வேலியோடு உரசிக்கொண்டு போனது.

"என்ன சொல்லுறது மச்சான். நல்ல பிள்ளை, படிச்ச பிள்ளை. எனக்கு இப்ப கலியாணம் எண்டு ஒரு எண்ணமும் இல்லை. வேண்டாமெண்டு சொல்ல ஒரு காரணம் கிடைக்குமோ எண்டு நானும் பாத்தன். ஒண்டும் கிடைக்கேல்லை."

"அப்பக் கட்டு," என்று சிநேகிதர் சிரித்தார்.

"கட்டத்தானே போறன். பாவம், அந்தப் பிள்ளைக்கு அங்கை என்ன நிலைமையோ."

அக்கா ஹெட்செற்றைக் கழற்றி மடியில் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அம்மாவைக் கூப்பிட்டிருப்பேன், ஏதாவது நடந்திருக்கும். ரீவியையே பார்த்துக்கொண்டு, "இதைக் குறையெண்டு அப்பாட்டைச் சொல்லேலுமோ?" என்று கேட்டாள். "சொல்லேலாது," என்று தானே பதிலும் சொன்னாள்.

பிறகு மடிக்கணினியை எடுத்தாள். மூடிய வழியைத் திரும்பத் திறந்தாள். சோதனை ஓடியது, பச்சை, பச்சை, எல்லாம் பச்சை. ஹெட்செற்றைத் தன் தலையில் ஒழுங்காக மாட்டிக்கொண்டு, மைக்கை வாய்க்கு நேரே திருப்பினாள்.

"கேக்குதோ?" என்றாள்.

நான் அவள் தோளில் சாய்ந்து காதை ஒட்டவைத்துக் கேட்டேன். அங்கே சிநேகிதரின் பேச்சு சட்டென்று நின்றது. "ஆர்? தர்சினியோ?"

"ஓம்."

"இப்ப நல்லாக் கேக்குது. எப்பிடிச் சரிவந்தது?"

"நான்தான் திருத்தினனான்."

"கெட்டிக்காரி," என்றார் அவர். உண்மையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு இருவருக்கும் கதைக்க ஒன்றுமிருக்கவில்லை. அக்கா, "உங்கடை அம்மாட்டைச் சொல்லுங்கோ, எனக்கு ஓம் எண்டு," என்றாள். பெட்டியை நிற்பாட்டிவிட்டு எழுந்து, மழைக்கு முன் எடுக்க மறந்த உடுப்புகளைக் கொடியிலிருந்து எடுக்கப் போனாள்.

வைகாசியில் மண்டபம் எடுத்துக் கல்யாணம் நடந்தது. அத்தான் கிழமைக்கணக்கில் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் வீட்டில் முதல் சாப்பாடு முடிந்ததும் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். "ஐயோ, மாப்பிளை கோப்பை கழுவுறதோ!" என்று அம்மா பின்னால் ஓடினார். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கல்யாணத்தில் அவள் சிரித்ததை நான் கண்டது அப்போதுதான். விசா வந்ததும், போகாமலே விட்ட கம்பனி வேலைக்கென்று தைத்த இரண்டு சட்டைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினாள். மற்றதை எனக்குத் தெரிந்து ஒருவரும் போடவில்லை. எனக்கு அன்று துக்கமாகவோ சந்தோசமாகவோ ஒன்றும் வரவில்லை. அந்த இடம் மரத்துப்போய்க் கிடக்கிறது. இப்போதும் தொட்டுப் பார்த்தால் அப்படித்தான்.

கேம் பெட்டி இன்று இல்லை. உள்ளே எறும்பு கூடு வைத்து, பிறகு ஒரு மாரியில் அடியோடு போய்விட்டது. முன்பு இன்ரநெற் வந்த, மழை வந்தால் இரைகிற பழைய தொலைபேசிக் கம்பியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போன வருடம் புதுக் கம்பி போட வந்தவர்களில் ஒருத்தி பெண்பிள்ளை. அக்காவுக்கு அப்போதிருந்த வயதுதான் இருக்கும். ஏணியைப் பிடிக்கச் சொல்லித் தானே ஏறி, இறங்கிவந்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "வீட்டிலை கேம் ஏதும் விளையாடுறவை இருக்கினமோ? அப்பிடியெண்டால் அதுக்கும் வழி திறந்துவிட்டுட்டுப் போறன்," என்றாள். ஒருவரும் இல்லை என்றேன். அம்மா அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடியும் வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா அங்கே வயதானவர்களைப் பராமரிக்கிற இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். கதைக்க இருப்பது சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அழைப்பைத் துண்டிக்க மாட்டாள், போனைக் குசினியில் எங்கோ சாய்த்து வைத்துவிட்டுத் தன் அலுவலைப் பார்ப்பாள். நான் என் பக்கத்து மைக்கை நிற்பாட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். பைப் திறக்கிறது. கோப்பைகள் தட்டுப்படுகின்றன. "தேத்தண்ணி போடட்டோ?" என்கிறார் அத்தான். "ஓம்," என்கிறாள். அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் கதைப்பதில்லை. ஒரு சண்டை, ஒரு சிரிப்பு, எதுவென்றாலும் போதும் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இணைப்பு இப்போதெல்லாம் அறுவதே இல்லை.

போன ஞாயிறும் அப்படித்தான் இருந்தேன். அப்பா தோட்டத்தால் வந்து, "கொக்கா என்னவாம்?" என்று அக்காவைப் பற்றிக் கேட்டார். "ஒண்டுமில்லையாம்" என்றேன். "அப்ப நல்லம்," என்றுவிட்டுக் காலைக் கழுவப் போனார். போனில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அக்காவின் குரல் மிகக் கிட்டத்தில் கேட்டது.

"தம்பி, இன்னும் கேட்டுக்கொண்டோ இருக்கிறாய்?"

நான் மைக்கைத் திறந்தேன். "ஓம் அக்கா."

"என்ன கேட்டது?"

"ஒண்டுமில்லை."

"ஓம்," என்றாள். "எனக்கும் உதுதான் கேட்டது."