சப்பாத்தி மாவில் எடுத்த அளவு

இன்று அம்மாவின் பழைய கத்திப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசும்போது, மைசூரில் இப்போது இடித்துவிட்ட எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் கொல்லைப்புறம் மணத்தது. முழங்கால் வலியால் அரிவாள்மணையில் உட்கார முடியாமல் போன அம்மாவுக்காக, பத்திரிகையில் படம் பார்த்து, நார்வே நாட்டுக் கத்தி ஒன்றை அப்பா முதன்முதலாகச் செய்து பழகிய இடம் அது. தொண்ணூறுகளின் ஞாயிறுகள் முழுக்க, பழைய ரம்பத் தகட்டில் அரம் உரசும் சத்தமும் ஈட்டிமரத் தூளும் இந்த எண்ணெய் வாசமும்தான். ஆனால் பிடியைத் தன் கை அளவுக்குச் செதுக்கிவிட்டார்.

"என்ன ரீ இது, கத்தியா கிரிக்கெட் பேட்டா?" என்று அம்மா, கணவரை அழைக்கும் கன்னட 'ரீ' போட்டுச் சிரித்தாள்.

அப்பா சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையை நீட்டி, "கத்தி மாதிரி இதைப் பிடி, பாக்கலாம்" என்றார். அதில் பதிந்த அவள் விரல் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து மறுபடி இழைத்தார்.

எங்கள் எதிரில் அவர் அம்மாவின் கையைப் பிடித்து நான் பார்த்ததேயில்லை.