குச்சி செருகிய ஸ்டார்ட்டர்

எழுபதுகளில், மின்வெட்டு கடுமையாக இருந்த ஒரு வருடம். எந்த வருடம் என்று எனக்குள் இன்னும் தகராறு. ஏலக்காய் பறிப்பு மும்முரமாக இருந்ததால் ஐப்பசி என்பது மட்டும் உறுதி. அண்ணனும் நானும் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ராசிங்காபுரத்துக் கிணற்றுக்குக் கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் பக்கத்தில் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கி, அது எழும்பாமலிருக்க ஒரு குச்சியைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடும்.

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் அண்ணன் சொன்னார்: "மோட்டாரு பெல்ட்டுத் தையல் விட்டுப்போச்சு. கரண்டு இல்லாதப்பவே வெரசாத் தைச்சு மாட்டச் சொல்லி மாப்ளைட்ட சொல்லிட்டு வந்தேன்."

மாப்ளை எங்கள் தங்கையின் கணவர். பெல்ட்டை மாட்ட, விரல்கள் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே போயாக வேண்டும்.

"குச்சிய எடுத்தியாண்ணே?"

"எடுத்திருப்பேன்." அடுத்த வளைவில், "எடுக்கலடா" என்றார்.

திருப்பச் சொன்னோம். "இந்த லோட வச்சுக்கிட்டு எங்கண்ணே திருப்ப? மேல போய்த்தேன்" என்றார் டிரைவர்.

மேலே போய்ச் சேர்ந்து, கீழே இறங்குகிற ஜீப்புக்காக நின்றோம். அண்ணன் பீடியைப் பற்றவைப்பதும் போடுவதுமாக இருந்தார். பொழுது சாய்ந்தது. கீழே ஊர்கள் இருட்டாகக் கிடந்தன. கரண்டு வராதே என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே வரிசையாக விளக்குகள் எரிந்தன. அண்ணன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிணற்றடிக்கு வந்து சேர்ந்தபோது, கரண்டு இருந்தும் மோட்டார் ஓடவில்லை. அந்தச் சத்தமின்மை இன்னும் பயமாக இருந்தது. மோட்டார் ரூமுக்குள் ஆளில்லை. தங்கை வீட்டுக்கு ஓடினோம். மாப்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவருடைய எச்சில் கையையும் சேர்த்து இரண்டு கைகளையும் பிடித்துப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், சோசியமா பாக்குறீக?"

மாப்ளை மடியிலிருந்து மூன்று பியூஸ் கட்டைகளை எடுத்துத் தரையில் வைத்தார். "ஒங்க குச்சி எனக்குத் தெரியாதா? இதப் புடுங்காம நான் பெல்ட்டத் தொடுவேனா? பெல்ட்ட மாட்டியாச்சு, சாப்புட்டுப் போயி இதச் சொருகணும்."

"ஆளுக்கு ஆள் பேசிக்கிட்டு நில்லுங்க. தண்ணியில்லாமக் கடலைச் செடி காயுது" என்றாள் தங்கை.

நாங்கள் போய்க் கட்டைகளை மாட்டினோம். அண்ணன் மெயினைத் தூக்கியதும், பொத்தானைத் தொடாமலே மோட்டார் உறுமிக் கிளம்பியது. அவர் துள்ளிப் பின்வாங்கி, கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஓடுகிற பெல்ட்டையே பார்த்து நின்றார். நான் குச்சியை உருவி வெளியே எறிந்தேன். வேப்பங்குச்சி.

அடுத்த வாரம் போனபோது ஸ்டார்ட்டரில் புதிதாக ஒன்று இருந்தது. மூங்கில்.