அமிஷ் ஊருக்கு ஒரு மணி நேரம் முந்திப் போன கதை

மின்சாரமும் காரும் வேண்டாம் என்று குதிரை வண்டியோடு வாழும் அமிஷ் மக்களைப் பார்க்க அமெரிக்காவின் பென்சில்வேனியா வரை, ஒன்பது மணி நேரம் காரோட்ட வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கனடாவின் புவாண்ட்-கிளேரில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் ஒருநாள் தன் சாப்பாட்டை அழகான ஒரு மரக்கூடையில் கொண்டு வந்தாள். எங்கே வாங்கியது என்று கேட்டேன். "ஒக்டன்ஸ்பேர்க் பாலத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போனால் அமிஷ் பண்ணைகள்தான்" என்றாள். வீட்டிலிருந்து இருநூறு கிலோமீற்றர்! அன்று மாலையே வரைபடத்தை விரித்துவிட்டேன்.

வீட்டில் என் உற்சாகத்துக்கு முதல் எதிரி மூத்த மகள் நிலா. வயது பதினாறு.

"நான் வரேல்ல. அது zoo பாக்கப் போற மாதிரி."

அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருடக் கோயில் தேரில் அவள் பாற்குடம் எடுத்தாள். வீதியோரம் நின்ற யாரோ ஒருவர் கேட்காமலே அவளைப் படம்பிடித்து, கிண்டலாக ஒரு வரி எழுதி இணையத்தில் போட்டுவிட்டார். அது அவளுடைய பள்ளி வரைக்கும் போனது. அன்றிலிருந்து தேர் என்ற பேச்சை எடுத்தாலே அறைக்கதவு சாத்தப்படும். அவள் திரும்பவும் கோயிலுக்கு வருவாளா என்ற கவலை எனக்கு ஒரு வருடமாக உண்டு.

கடைசியில் நிபந்தனையோடு சம்மதித்தாள். மூன்று விதிகளை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். போன் எல்லாம் காரின் முன்தட்டுப் பெட்டிக்குள். யாரையும் சுட்டிக்காட்டக் கூடாது. விலை பேரம் பேசக் கூடாது. ஒன்று மீறினாலும் கார் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மூன்றும் தனக்காகவே எழுதப்பட்டவை என்று என் கணவர் சுதனுக்கு உடனே விளங்கிவிட்டது. வெந்நீர் கொதித்தாலும் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறவர் அவர்.

அமிஷ் வீடுகளில் தொலைபேசி இல்லை. ஆகவே ஏப்ரல் மாதம் வேலைத்தோழியிடம் முகவரி வாங்கி, அந்தக் கூடையைப் பின்னிய அமிஷ் பெண்ணுக்குக் கடிதம் எழுதினேன். பேனா பிடித்து ஒரு முழுப் பக்கம் எழுதி எத்தனை வருடமோ! குடும்பமாக வரலாமா, எந்த நாள் உங்களுக்கு வசதி என்று கேட்டிருந்தேன். மூன்று கிழமை கழித்துப் பென்சிலில் எழுதிய பதில் வந்தது. ஜூன் மாதத்தின் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. தபாற்பெட்டியடியிலேயே நின்று இரண்டு தரம் வாசித்தேன்.

நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து சரியாக ஏழு மணிக்குப் புறப்பட்டோம். எங்கள் குடும்பச் சரித்திரத்தில் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்ட முதல் நாள் அது. கலியாணத்துக்கே ஒரு மணி நேரம் பிந்திப் போகிற ஆட்கள் நாங்கள். இருபதாம் இலக்க நெடுஞ்சாலையில் மேற்கே போய், ஒன்ராறியோ எல்லையில் 401ஐப் பிடித்தால் பாலம் வரை நேர்ச் சாலை. 8.55க்குப் பாலத்தில் ஏறினோம். கம்பி வலைபோன்ற தளத்தில் சக்கரங்கள் இரைய, கீழே செயின்ற் லோரன்ஸ் ஆறு நீலமாகக் கிடந்தது. எட்டு வயது இனியா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லைச் சாவடியில் இருபத்தைந்து நிமிடம். ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுவர வேண்டாம் என்று நான் சண்டை பிடித்தது நல்லதாகப் போயிற்று. இறைச்சி, பழம் இருக்கிறதா என்றுதான் அதிகாரி முதலில் கேட்டார்.

அதன் பிறகு சின்னச் சின்ன மேடுகள், ஓட்ஸ் வயல்கள், மின்கம்பி போகாத வெள்ளை வீடுகள். உடுப்புக் கொடியில் கறுப்பும் நீலமுமாகத் துணிகள் காற்றில் உப்பி நின்றன. 9.50க்கு வீட்டு வாசலில் நின்றோம். பத்து நிமிடம் முந்தி! சுதன் ஏதோ பரிசு வாங்கியவர்போல இறங்கினார்.

ஈரக் கையைத் துடைத்தபடி அந்தப் பெண் படிக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். முகத்தில் கோபம் இல்லை. ஆனால் வரவேற்பும் இல்லை.

"நீங்கள் வேக நேரத்தில் வந்திருக்கிறீர்கள். எங்களுக்கு இன்னும் ஒன்பது ஆகவில்லை" என்றார் ஆங்கிலத்தில்.

இந்தப் பிரிவினர் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதில்லை. நாட்டுக்கெல்லாம் ஒரு நேரம், அவர்களுக்குப் பழைய நேரம். நான் வாசித்த எந்தப் பயணக் குறிப்பிலும் இது இல்லை. உள்ளே தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். கதவு வழியே சவர்க்கார நுரை தெரிந்தது.

"பரவாயில்லை, நாங்கள் ஒரு மூலையில இருக்கிறம் எண்டு சொல்லும்" என்று சுதன் என் காதில் சொன்னார். எங்கள் வீட்டில் நேரத்தோடு வந்தவரைக் கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுப்போம். அதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை.

"அப்பா, அவா வேலையா நிக்கிறா. வாங்கோ" என்று நிலா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு, அரைக் கிலோமீற்றர் தள்ளி வீதியோரப் புல்லில் காரை நிறுத்தினோம். பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். காருக்கு வெளியே நின்றபடி கையால் சாப்பிட்டோம். அப்போதுதான் மேட்டுக்கு அப்பால் குளம்புச் சத்தம் கேட்டது. காலை வெயிலில், மேலே கூரையில்லாத கறுப்பு வண்டி ஒன்று எழுந்து வந்தது. அவ்வளவு அழகு. திரும்பினால், முன்தட்டுப் பெட்டி திறந்திருக்கிறது, சுதனின் இடது கையில் போன்.

நிலா பார்த்துவிட்டாள். "அப்பா."

"பாதை பாக்கத்தான் பிள்ளை."

"வண்டி வரேக்கையோ பாதை பாக்கிறீங்கள்?"

அவர் பதில் சொல்ல முதல் வண்டி எங்களை நெருங்கிவிட்டது. பின் இருக்கையில் நான்கு பிள்ளைகள். நால்வரும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பினார்கள். சிவந்த சம்பலை, எங்கள் விரல்களை, சுதனின் உப்பிய கன்னத்தை வாய் திறந்தபடி பார்த்தார்கள். வண்டி கடந்த பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஓட்டி வந்தவர் கடிவாளத்திலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். இனியா கையசைத்தாள்.

"அம்மா, அவைதான் எங்களைப் பாக்கினம்!"

சுதன் பாணை விழுங்கினார். போனைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"ஏன் எடுக்கேல்ல?" என்று நிலா கேட்டாள்.

"வாய்க்குள்ள பாண். அந்தக் கோலத்தில என்னை ஆரும் எடுத்தா எனக்குப் பிடிக்குமோ?" நிலாவைத் திரும்பிப் பார்த்து, "உனக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும், என்ன?" என்றார்.

நிலா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவரிடம் நீட்டினாள். கார் திரும்பவில்லை.

எங்கள் பதினொரு மணிக்கு, அவர்களுடைய பத்து மணிக்குப் போனபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்தார். "கனடாவிலிருந்து இங்கிலீஷ்காரர் இங்கே அதிகம் வருவதில்லை" என்றார். அமிஷ் அல்லாத எல்லோரும் அவர்களுக்கு இங்கிலீஷ்காரர்தான். சுதன் நிமிர்ந்து நின்றார்.

"கேட்டியளோ? இனி என்னோட பாத்துக் கதையுங்கோ."

கொட்டகைக்குள் மரநாரின் ஈரவாசம். மரத்தை மெல்லிய பட்டிகளாக உரித்து, நனைத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அவர் விரல்கள் தள்ளிக்கொண்டே இருந்தன. வீட்டில் ஜெர்மன் கலந்த ஒரு மொழி, பள்ளிக்குப் போன பிறகுதான் ஆங்கிலம் என்றார். எங்கள் வீட்டுத் தமிழையும், பள்ளிக்கூடப் பிரெஞ்சையும் பற்றி ஆர்வமாகக் கேட்டார். அவருடைய சின்ன மகளுக்கு ஆங்கிலம் இன்னும் வரவில்லை. இனியா அவளோடு தமிழில் கதைத்தாள். அவள் தன் மொழியில் பதில் சொன்னாள். இருவரும் பூனைக்குட்டிகளோடு அரை மணி நேரம் காணாமல் போனார்கள்.

நிலா ஒரு வட்டக் கூடையை எடுத்தாள். "என்ன வைக்கப் போகிறாய்? பாரம் தெரிந்தால் பொருத்தமான கைப்பிடி சொல்லுவேன்" என்று அவர் கேட்டார்.

"இன்னும் தெரியாது" என்றாள் நிலா. ஆனாலும் பலமான கைப்பிடி உள்ளதையே எடுத்தாள். முப்பத்தெட்டு அமெரிக்க டொலர். சுதன் வாயைத் திறந்தார், நிலாவைப் பார்த்தார், மூடினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், எதுவும் விற்கமாட்டார்கள். முதலில் கடிதம் எழுதுங்கள், நேரத்தை "உங்கள் நேரமா, எங்கள் நேரமா" என்று கட்டாயம் கேளுங்கள். அட்டை செல்லாது, அமெரிக்கக் காசு தாளாக வேண்டும். கூடை தவிர பாணும் ஜாமும் விற்கிறார்கள்: பாண் ஐந்து டொலர், ஜாம் ஆறு டொலர். பெற்றோலுக்கு ஐம்பது கனடிய டொலர் போனது; பாலத்துக்குப் போக ஒருமுறை, வர ஒருமுறை கட்டணம். மேடுகளில் மெதுவாக ஓட்டுங்கள். இந்த வண்டிகளில், மெதுவாகப் போகும் வாகனங்களின் பின்னால் மாட்டும் செம்மஞ்சள் முக்கோணம் இல்லை, சாம்பல் நிற ஒளிர்நாடா மட்டுமே. வண்டியைக் கடக்கும்போது ஹோர்ன் அடிக்காதீர்கள், குதிரை மிரளும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே எல்லாம் சொல்லி வையுங்கள். கணவருக்கு அதைவிட முன்னமே.

படங்கள் எங்கே என்று கேட்பீர்கள். கீழே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் எங்கள் சமையலறையில் எடுத்தது. திரும்பி வந்த மறுநாள், மேல்தட்டிலிருந்த பித்தளைப் பாற்குடச் செம்பை நிலா இறக்கினாள். கூடைக்குள் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். அளவாக உட்கார்ந்தது.

சுதன் போனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"பிள்ளை, ஒண்டு எடுக்கட்டே?"

பதினாறு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அன்றுதான்.

"கையும் கூடையும் மட்டும், அப்பா" என்றாள் நிலா. "முகம் இந்த வருசத் தேரில பாப்பம்."