மருந்து உள்ளே இறங்கும்வரை

"என்னா சார், நேத்து மெடிக்கல்ல இருந்து வர்றப்ப அவ்ளோ கூப்ட்டேன், கண்டுக்காத போயிட்டீங்க? பெரிய ஆளாயிட்டீங்களா?"

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகும் வழியில் டீக்கடை வைத்திருக்கும் பாய் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு அம்மாவின் நினைவு வந்தது.

கல்வராயன் மலையில் எங்கள் ஊர். சின்ன வயதில் காய்ச்சல் முற்றி எனக்கு வலிப்பு வந்தபோது அம்மா தழை பறிக்கக் காட்டுக்குப் போனாள். எங்கள் மலையில் செடியின்மேல் நிழல் விழாமல் நின்று, நோயாளியின் பெயரைச் சொல்லி, செடியிடம் கேட்டுத்தான் பறிப்பார்கள். அதன்பிறகு மருந்து உள்ளே இறங்கும்வரை யாரிடமும் பேசக்கூடாது. பேசினால் வீரியம் போய்விடும். அவளது மூடிய கையைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்களாம். கீழ்நாட்டிலிருந்து வந்த புளி வியாபாரி மட்டும் வாசல்வரை பின்னால் வந்து வழி கேட்டுப் பார்த்துவிட்டு, "திமிரு புடிச்சவ" என்று கத்தியது வீட்டுக்குள் படுத்திருந்த எனக்குக் கேட்டது. கசக்கிய தழையின் காரமும் கசப்பும் தொண்டையில் இறங்கிய பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். என் பெயரைச் சொன்னாள்.

நேற்று என் மகள் அல்லிக்கும் அதே வலிப்பு. டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறவன் நான். இருந்தும் வாய் திறக்கவில்லை. ஊசி போட்டு அவள் கண் விழித்த பிறகு "அல்லி" என்றேன்.

"கையில மருந்து இருந்துச்சு பாய்."

அவர் சிரிப்பு நின்றது. "யாருக்கு சார்?"

"பொண்ணுக்கு. இப்ப பேசுறா பாய்."