நாய்க்குப் பின்னால் நின்ற அக்கா

திருவள்ளூர் நூலகத்தில் குழந்தைகள் பகுதியில் இருக்கும் நாற்காலிகள் என் முழங்கால் உயரம்கூட வராது. சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு சனிக்கிழமை மதியம் அதில் ஒன்றில் நான் உட்கார்ந்தபோது அது முனகியது. மடியில் ஒரு கட்டுப் படப் புத்தகங்கள். நூலகர் அம்மா வந்து என்னைச் சுற்றும்முற்றும் பார்த்தார். அலமாரிக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

“கொயந்த எங்கம்மா?”

“குழந்தையெல்லாம் இல்லீங்க. நான்தான் படிக்கிறேன்.”

“நீங்களா?” என்றார். மடியில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு, “சரி, படிச்சிட்டு எட்த்த எடத்துலயே வெச்சிடுங்க. பசங்கதான் கலைச்சிப் போட்டுட்டுப் பூடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கலைத்துப் போடமாட்டேன் என்று அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை என்று நினைக்கிறேன். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

நாற்பது வயதைத் தாண்டியவள் அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் சென்னையில் படப் புத்தகங்கள் போடும் ஒரு பெண் பதிப்பாசிரியர். அவருக்கு நான் ஒரு கதை எழுதி அனுப்பியிருந்தேன். எங்கள் கம்பெனி பஸ் தினமும் புதுவாயல் கூட்டு ரோட்டில் நிற்கும். அங்கே டீக்கடை ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு நாய் உண்டு. வேலைக்குப் போகும் ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி அதற்கு பன் வாங்கிப் போடுவாள். அவள் வருகிற பஸ்ஸுக்காக அந்த நாய் காத்திருப்பதுதான் கதை. நல்ல கதை என்று நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். எழுதியதில்தான் கோளாறு.

பதிப்பாசிரியர் போனில் மென்மையாகத்தான் ஆரம்பித்தார். “உங்க கதையில நாய் இருக்கு, பஸ் இருக்கு, டீக்கடை இருக்கு. ஓவியருக்குத்தான் எடம் இல்ல. எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டீங்க. அவங்க என்ன வரைவாங்க?” என்றார். பிறகு, “படப் புத்தகம் நிறைய படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

நான் வளர்ந்த வீட்டில் பாடப் புத்தகத்தைத் தவிர வேறு படம் போட்ட புத்தகம் கிடையாது. பிறகு படிக்கக் கற்றதெல்லாம் எழுத்து நிறைந்த புத்தகங்கள்.

“நிறைய படிங்க. படிச்சிட்டுத் திரும்ப எழுதுங்க. பொங்கலுக்குள்ள குடுத்தீங்கன்னா பாக்கலாம். அதுக்கப்புறம் ஓவியர் வேற கதைக்குப் போயிடுவாங்க” என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று வந்தது. யாரோ ஒருத்தி எனக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதா என்று வீட்டில் பாத்திரங்களை உருட்டினேன். அப்புறம் ஆறிப்போன காபியோடு உட்கார்ந்து என் கதையை எடுத்துப் படித்தேன். அதன் முதல் பக்கம் இது:

‘நாய் சாலையின் இடது ஓரத்தில் நின்றது. அதன் நிறம் பழுப்பு. அது முதலில் வலது பக்கம் பார்த்தது. பிறகு இடது பக்கம் பார்த்தது. பஸ் வரவில்லை என்பதை உறுதி செய்துகொண்டது.’

எனக்கே சிரிப்பு வந்தது. என் வேலை அப்படி. தேர்வாய் கண்டிகையில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஒவ்வொரு இயந்திரத்துக்கு மேலேயும் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள் தொங்கும். எந்தப் பொத்தானை முதலில் அழுத்த வேண்டும், கையை எங்கே வைக்கக்கூடாது, எதைச் சரிபார்த்த பிறகு எதை எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அந்தத் தாள்களைத் தமிழில் எழுதுவது நான். ஒரு படி விட்டுப்போனால் ஆடிட்டர் வந்து பிடித்துக்கொள்வார். அதைவிட மோசம், யாருடைய விரலாவது போய்விடும். படிப்பவர் எதையும் தானாக ஊகிக்க இடம் வைக்கக்கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். அதே கையோடு போய் நாய்க் கதை எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில், ‘சாலையைக் கடக்கும்போது இருபுறமும் பார்க்க வேண்டும்’ என்று ஒரு எச்சரிக்கை வேறு.

அதற்கு முன்பே ஒரு அடி வாங்கியிருந்தேன். எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் அந்தக் கதையைப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்திலேயே ஒரு குட்டிப் பெண் எழுந்து பந்தை எடுத்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் அவள் பின்னால் போய்விட்டார்கள். கடைசி வரை கேட்டவர் காப்பகத்து ஆயாம்மா மட்டும்தான். அவரும் சாதம் பிசைந்துகொண்டே கேட்டார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ் கிடையாது, ஒடியாவும் இந்தியும் தெலுங்கும் பேசுகிறவர்கள், அதனால்தான் புரியவில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆக, படிப்பது என்று முடிவாயிற்று. நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் எடுத்தேன். புத்தகக் கண்காட்சியில் பை நிறைய வாங்கினேன். ஷிப்ட் பஸ்ஸில் போக வர அதுதான் வேலை. படிப்பதில் எனக்கு வேகம் அதிகம். பெரியபாளையம் வருவதற்குள் நாலைந்து புத்தகத்தை முடித்துவிடுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் எரிச்சல். ஐப்பசி போய் கார்த்திகை வந்துவிட்டது. படித்த புத்தகங்கள் வீட்டில் குவிந்துகொண்டிருந்தன. என் கதையில் ஒரு வரிகூட நகரவில்லை. எனக்கு இது வராது என்ற பயம் அப்போதுதான் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. பொங்கல் தாண்டிவிட்டால் இனிமேல் குழந்தைகளுக்கு எழுதுவதில்லை, இயந்திரங்களுக்கு எழுதிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரி ஹெச்.ஆர். பிரிவில் இருப்பவள். நாங்கள் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

“இன்னா மேடம், இந்த வயசுல எல்கேஜி சேந்துட்ட? யூனிஃபார்ம்லாம் தெச்சாச்சா?” என்று முதல் நாள் கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. மறுநாள் எனக்கு ஒரு பென்சிலும் ரப்பரும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவளும் கொஞ்ச நாளில் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு காலையில் நான் படித்துக்கொண்டிருந்தது துணி காயப்போடுகிற ஒரு அம்மாவைப் பற்றிய புத்தகம். ‘திங்கட்கிழமை சட்டை காய்ந்தது. செவ்வாய்க்கிழமை பாவாடை காய்ந்தது’ என்று போகும். நூலகத்தில் ஒருமுறை படித்து, இதில் ஒன்றுமே இல்லையே என்று மூடிவைத்த புத்தகம்தான். தவறிப்போய் மறுபடி எடுத்து வந்துவிட்டேன். பக்கத்தைத் திருப்பப் போனேன். அவள் புத்தகத்தின் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

“இரு இரு, திருப்பாத. அந்த ஆடு இன்னாத்த துன்னுனு கீதுன்னு நா இன்னும் பாக்கல.”

“எந்த ஆடு?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னாமா, நெசமாவே தெரியலியா? மொத பக்கத்துலருந்து கீதே!”

முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். வேலியோரத்தில் இரண்டு கொம்பு மட்டும் தெரிந்தது. அடுத்த பக்கத்தில் முகம். அதற்கடுத்ததில் வாயில் ஒரு காலுறை தொங்கியது. நாள் போகப் போகக் கொடியில் துணி குறைந்தது, ஆடு பருத்தது. கடைசிப் பக்கத்தில் ‘ஞாயிற்றுக்கிழமை எல்லாத் துணியையும் மடித்து வைத்தாள்’ என்று எழுதியிருக்க, அந்த ஆடு பாவாடை கட்டிக்கொண்டு நின்றது. ஆடு என்ற சொல் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. படப் புத்தகத்தைப் படத்தைப் பார்க்காமல் படித்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் தாள்களிலும் படம் உண்டு. இயந்திரத்தின் போட்டோ ஒன்றை மூலையில் ஒட்டுவோம். எழுத்தில் இருப்பதுதான் அதிலும் இருக்கும், அதனால் அதை யாரும் பார்க்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் மாதக்கணக்காக எழுத்தை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டு போயிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் குவிந்திருந்த புத்தகங்களை எல்லாம் தரையில் பரப்பினேன். எல்லாவற்றையும் திரும்ப, முதலிலிருந்து. இந்த முறை எழுத்தை ஒரு கையால் மறைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தேன். பிறகு கையை எடுத்து, எழுத்து எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பார்த்தேன். நான் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் படித்ததில்லை. ஒரு புத்தகத்தில் பையன் ‘எனக்குப் பயமே இல்லை’ என்கிறான், படத்தில் அம்மாவின் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறான். இன்னொன்றில் புயல் வருகிற பக்கம் முழுக்க வெறும் கறுப்பு, எழுத்தே இல்லை. அந்தப் பக்கத்தில் நான் மூச்சை நிறுத்தியதை நானே கவனித்தேன். மோசமான புத்தகங்களும் நிறைய இருந்தன. கம்ப்யூட்டரில் வார்த்த பொம்மை முகங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நீதி. அவற்றைப் படிக்கும்போது கடுப்பாக வரும். என் கதையும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது என்பது நினைவுக்கு வந்ததும் கடுப்பு அடங்கிவிடும். அவற்றிலிருந்தும் கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு என் கதையை எடுத்தேன். நாயின் நிறத்தை அடித்தேன். டீக்கடையை அடித்தேன். வலது, இடது போயிற்று. எச்சரிக்கை போயிற்று. ஒவ்வொன்றையும் அடிக்கும்போது யாருடைய விரலோ போய்விடும் என்பது போலக் கை கூசியது. தாள்களை மடித்துத் தைத்து ஒரு சின்ன மாதிரிப் புத்தகம் செய்தேன். எனக்கு வரையவே வராது. என் நாய் பன்றி போல இருந்தது, பஸ் தீப்பெட்டி போல இருந்தது. ஆனால் கதை மாறிவிட்டது. நாய் சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘இன்னும் வரவில்லையே’ என்கிறது எழுத்து. பஸ் வந்துவிட்டது, நாய் பார்க்காத பக்கத்தில். தினமும் பன் போடும் அந்த அக்கா இறங்கி, கையில் பன்னோடு நாய்க்குப் பின்னால் நிற்கிறாள். நாய் பெஞ்சுக்கு அடியில் தேடுகிறது. லாரிக்கு அந்தப் பக்கம் தேடுகிறது. அக்கா அதன் பின்னாலேயே போகிறாள். அவளைப் பற்றி நான் ஒரு சொல்கூட எழுதவில்லை. அவள் வந்து நிற்கும் பக்கத்தில் எழுத்தே இல்லை.

மார்கழி பிறந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போகும் வழியில் இரண்டு தடவை பக்கங்களைச் சரிபார்த்தேன். வருடாந்திர ஆடிட்டுக்குக்கூட நான் அப்படிச் சரிபார்த்ததில்லை. பந்து எடுத்துக்கொண்டு போன அதே குட்டிப் பெண் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பந்தும் மடியில் இருந்தது. அந்தப் பந்தைப் பார்த்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன்.

முதல் பக்கம் ஓடியது. இரண்டாம் பக்கம் ஓடியது. மூன்றாவதில், ‘இன்னும் வரவில்லையே’ என்று படித்துவிட்டு நிறுத்தினேன். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. சரி, இதுவும் போச்சு என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

“வெனக்க!” என்று கத்தினாள் அந்தப் பெண். தெலுங்கு. பந்து மடியிலிருந்து உருண்டு போனது, அவள் அதைப் பார்க்கவே இல்லை. “வெனக்க! வெனக்க!”

“பின்னாடி! டேய், பின்னாடி பாரு!” என்றான் இன்னொருவன், நாயிடம். மூலையிலிருந்து “பீச்சே!” என்று ஒரு குரல். “பச்சரே!” என்று இன்னொரு குரல், அது ஒடியா. எனக்குத் தெரிந்த பாஷையும் தெரியாத பாஷையுமாக அந்த அறை முழுக்க நாய்க்கு வழி சொல்லியது. நான் எழுதாமல் விட்ட அந்த ஒன்றை எல்லாரும் அவரவர் வீட்டுப் பேச்சில் எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பக்கத்தைத் திருப்ப என்னால் முடியவில்லை, கண்ணீர் கண்ணை மறைத்தது. ஆயாம்மா சாதத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “திருப்பும்மா, அது பாத்துச்சா இல்லியா?” என்று அதட்டினார்.

அன்றே தபாலில் அனுப்பினேன். அதன் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன். வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணிடம் எரிந்து விழுந்தேன், பாவம். பொங்கலுக்கு முந்தின வாரம், சாயங்கால ஷிப்ட் பஸ் புதுவாயலைத் தாண்டியபோது பதிப்பாசிரியர் கூப்பிட்டார்.

“நடுவுல ஒரு பக்கத்துல எழுத்தே இல்லையே, விட்டுப்போச்சா?”

ஆடிட்டர் கேட்பது போலவே இருந்தது. “இல்லீங்க, வேணும்னுதான்” என்றேன்.

போனில் சிரிப்புச் சத்தம். “ஓவியருக்கு அனுப்பிட்டேன். அந்தப் பக்கத்தத்தான் மொதல்ல வரைவாங்களாம்” என்றார்.

ஷிப்ட் முடிந்து சேஃப்டி ஷூவைக் கழற்றும்போது கால் விரல்கள் விரியும் பாருங்கள், எனக்கு உடம்பு முழுக்க அப்படி விரிந்தது. சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அழுகையும் வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

“இன்னாச்சிமா? யாருக்கு இன்னா?” என்று பக்கத்து சீட்டுக்காரி பதறினாள். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். “எங்க, படி கேப்போம்” என்றாள். வாய்ப்பாடமாகச் சொன்னேன். பஸ் அடுத்த வேகத்தடை ஏறி இறங்குவதற்குள் கதை முடிந்துவிட்டது.

“அவ்ளோதானா?” என்றாள். “இதுக்கா இம்மா நாளா எல்கேஜி படிச்சினு இருந்த?”

“அவ்வளவுதான்” என்று சொல்லி, பையில் இருந்த மாதிரிப் புத்தகத்தின் நகலை அவள் மடியில் வைத்தேன். என் பன்றி நாயைப் பார்த்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். எழுத்தில்லாத அந்தப் பக்கத்துக்கு வந்ததும் அவள் சிரிப்பு நின்றது. குனிந்து பார்த்தாள்.

“அட லூசு நாயே, பின்னாடிதான் நிக்கிறாடா!” என்று அவள் போட்ட சத்தத்தில், முன் சீட்டுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் விழித்துத் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள்.